மிட்சுகியின் தொண்டையும் உங்கள் மகளின் பயமும்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 11 வயது மகள், 2 வருடமாகப் பாட்டு வகுப்புக்குப் போகிறாள். விடுமுறையில் ‘ஃபுல் மூன் ஓ சகாஷிதே’ என்ற ஜப்பானிய அனிமே தொடரைப் பார்க்க ஆரம்பித்திருக்கிறாள். அதிலிருந்து வகுப்பில் தாரஸ்தாயி (மேல் ஸ்தாயி) வந்தாலே பாட்டை நிறுத்திவிடுகிறாள். “சத்தமா பாடினா தொண்டையில கட்டி வருமாம்மா?” என்று கேட்கிறாள். அந்தக் கதையில் காட்டும் நோய் உண்மையானதா, தொடரை மேற்கொண்டு பார்க்க விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, “ஒரு சின்னப் பெண் குரலுக்காக ஆபரேஷனே வேண்டாம் என்று சொல்வதை என் பிள்ளை பார்க்கலாமா?” என்று. உங்களைத் தூங்கவிடாமல் செய்வது அந்த வரிதான் என்று எனக்குப் படுகிறது. அதனால் மற்றவற்றைச் சொல்லிவிட்டு அங்கேதான் அதிக நேரம் நிற்கப் போகிறேன்.

நான் ஸ்பீச் தெரபிஸ்ட். 19 வருடமாக இந்த வேலை. அதில் பெரும்பகுதி, தொண்டைப் புற்றுநோயால் குரல்வளையை இழந்தவர்களை மறுபடி பேசவைக்கும் பயிற்சி. அறுவை மருத்துவர் இல்லை, குழந்தைகள் மனநல மருத்துவரும் இல்லை. ஆகவே உங்கள் மகளின் தொண்டையைப் பார்க்காமல் அதைப் பற்றி நான் எதுவும் சொல்ல முடியாது, அவள் மனதைப் பற்றியும் ஓரளவுதான் சொல்ல முடியும். இந்தத் தொடரைப் படிக்கிற காலத்தில் ஒருமுறை பார்த்தேன், வேலைக்கு வந்து பல வருடம் கழித்து இன்னொரு முறை. இரண்டாவது தடவை அது வேறு தொடராகத் தெரிந்தது.

பதிலைப் படிக்கும் மற்றவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அரினா தனேமுரா ‘ரிபோன்’ இதழில் வரைந்த மங்காதான், அதாவது ஜப்பானியப் படக்கதைதான், மூலம். அதை ஸ்டுடியோ டீன் 52 பகுதிகளாக எடுத்து, 2002 ஏப்ரல் முதல் 2003 மார்ச் வரை டிவி டோக்கியோவில் வந்தது. மிட்சுகி என்ற 12 வயதுச் சிறுமிக்குப் பாடகியாக வேண்டும். அவள் தொண்டையில் சார்கோமா வகைக் கட்டி, அதாவது தசை, எலும்பு போன்ற திசுக்களில் வரும் புற்றுநோய். வெட்டி எடுத்தால் குரல் போய்விடும், அதனால் ஆபரேஷனுக்குச் சம்மதிக்கவில்லை. இசை என்றாலே வெறுக்கும் பாட்டியிடம் வளர்கிறாள். ஒருநாள் தகுதோ, மெரோகோ என்ற இரண்டு ஷினிகாமிகள் (உயிரை எடுக்க வரும் ஜப்பானியக் கதை உருவங்கள்) வந்து, உனக்கு இன்னும் ஒரு வருடம்தான் என்கிறார்கள். அமெரிக்கா போய்விட்ட, அவள் நேசித்த ஏய்ச்சி என்ற பையனுக்குக் கொடுத்த வாக்குப்படி, அந்த ஒரு வருடத்துக்குள் பாடகியாகிவிட வேண்டும் என்று அவள் துடிக்கிறாள். மனமிரங்கிய தகுதோ, தன் சக்தியால் அவளை நோயில்லாத 16 வயதுப் பெண்ணாக மாற்றுகிறான். அந்த உருவத்தில் அவள் ஆடிஷனில் ஜெயித்து ‘ஃபுல் மூன்’ என்ற பெயரில் பாடகியாகிறாள். மிட்சுகி என்ற பெயரை எழுதும் எழுத்துகளுக்கே முழுநிலவு என்றுதான் பொருள்.

முதலில் உங்கள் மகளின் கேள்வி. இதில் சந்தேகத்துக்கே இடமில்லை. சத்தமாகப் பாடுவதால் புற்றுநோய் வராது. எந்த வயதிலும் வராது. கத்துவதால் வருவது வேறு, அதற்கு நாடுல் என்று பெயர். குரல் நாண்கள் இரண்டும் ஒன்றோடொன்று தட்டித்தான் ஒலி பிறக்கிறது. ஒரு குழந்தை பாடும்போது வினாடிக்குச் சுமார் 300 தடவை தட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் விடாமல் பாடினால் பத்து லட்சத்தைத் தாண்டிவிடும். அளவோடு தட்டினால் ஒன்றும் ஆகாது. மைதானத்தில் கத்திவிட்டு, தொண்டை கட்டியிருக்கும்போதே வீட்டிலும் கத்தினால், தட்டும் இடம் தடித்துப்போகும். கடப்பாரை பிடிப்பவர் கையில் காய்ப்பு வருமே, அந்த மாதிரி. அது புற்றுநோய் இல்லை, புற்றுநோயாக மாறவும் செய்யாது. பெரும்பாலான குழந்தைகளுக்கு ஆபரேஷன் இல்லாமலே, பயிற்சியிலேயே சரியாகிவிடும். குழந்தைகளின் குரல்வளையில் பேப்பிலோமா என்ற மருக்களும் வருவதுண்டு. அதற்குக் காரணம் ஹெச்பிவி வைரஸ். இதற்கும் பாட்டுக்கும் சம்பந்தமில்லை. இதை அப்படியே அவளிடம் சொல்லுங்கள், 11 வயதுப் பெண்ணுக்கு இது புரியும்.

மிட்சுகிக்கு வந்ததுபோல் 12 வயதில் குரல்வளையில் புற்றுக்கட்டி வருவதுண்டா? உண்டு, ஆனால் மிக மிக அரிது. குரல்வளைப் புற்றுநோய் பெரும்பாலும் ஐம்பது வயதைத் தாண்டியவர்களின் நோய், புகையிலையோடும் மதுவோடும் சேர்ந்து வருவது. குழந்தைகளுக்கு வரும் அரிய கட்டிகளில் ரேப்டோமயோசார்கோமா என்ற தசைப் புற்று ஒன்று உண்டு. அந்த வகையில் பார்த்தால், கதாசிரியர் சார்கோமா என்ற வார்த்தையைத் தொட்டது சரியான இடம்தான். சறுக்குவது அடுத்த படியில். ஆபரேஷன் இல்லாவிட்டால் மரணம் என்று இரண்டே வழிகளைக் கதை காட்டுகிறது. உண்மையில் குழந்தைகளுக்கு வரும் அந்த வகைக் கட்டிக்குப் பல மருந்துகள் சேர்ந்த கீமோவும் கதிர்வீச்சும்தான் சிகிச்சையின் முதுகெலும்பு. குரல்வளையை முழுதாக எடுப்பது, மற்றவை கைகொடுக்காதபோது யோசிக்கும் விஷயம். எந்தக் குழந்தைக்கு எது பலிக்கும் என்பது கட்டியின் இடத்தையும் பரவலையும் பொறுத்தது, அதைப் பொதுவாகச் சொல்ல முடியாது. ஆனாலும் கதவு இரண்டு மட்டும்தான் என்று எந்த மருத்துவரும் ஒரு பிள்ளையிடம் சொல்லமாட்டார்.

இன்னொரு நுணுக்கம் எனக்கு ரொம்பப் பிடித்தது. அவளை ஏன் 16 வயதாக மாற்ற வேண்டும்? கதைக்குத் தேவை, 12 வயதுப் பிள்ளை தனியாக ஆடிஷனுக்குப் போய் நிற்க முடியாது. ஆனால் குரலின் உடற்கூறும் கிட்டத்தட்ட அதே வயதைத்தான் காட்டுகிறது. ஜப்பானில் குருமே பல்கலைக்கழகத்தில் இருந்த மினோரு ஹிரானோ என்ற மருத்துவர், குரல் நாண் என்பது ஒற்றைத் தசை இல்லை, தசையின்மேல் மெத்தென்ற உறை போர்த்திய பல அடுக்கு என்று 1970களில் காட்டினார். இன்று உலகம் முழுக்கக் குரல் மருத்துவம் அதன்மேல்தான் நிற்கிறது. பிறக்கும்போது இந்த அடுக்குகள் இருக்காது. கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்து, பதின்வயது முடியும் சமயத்தில்தான் பெரியவர்களுடையது போல் ஆகும். ஆக தகுதோ அவளுக்குக் கொடுப்பது நோயில்லாத தொண்டை மட்டுமில்லை, 4 வருடம் முற்றிய குரல் நாணும்கூட. இதில் உங்கள் மகளுக்கும் ஒரு சேதி இருக்கிறது. தொடரில் வரும் பாட்டுகளைப் பாடியவர் மைகோ என்ற பாடகி. மிட்சுகிக்குப் பேச்சுக் குரல் கொடுத்தவரும் அவரேதான். பேச்சும் பாட்டும் ஒரே தொண்டையிலிருந்து வருவதால், அந்தச் சிறுமி வாயைத் திறந்ததும் நமக்கு நம்பிக்கை வந்துவிடுகிறது. ஆனால் அது வளர்ந்த பெண்ணின் குரல். உங்கள் மகள் அந்த அழுத்தத்தை அப்படியே பிடிக்கப் பார்த்தால் கழுத்துத் தசை இறுகும், தாடை முன்னே வரும். அவள் மேல் ஸ்தாயியில் நிறுத்துவதற்குப் பயம் பாதி காரணம் என்றால், இது மீதி காரணமாக இருக்கலாம். பாட்டு டீச்சரிடம் இதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்போது உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன்.

குரலுக்காக உயிரைப் பணயம் வைப்பது கார்ட்டூன் கதையில்தான் நடக்கும் என்று நினைக்கிறீர்கள். இந்தத் தொடரில் ஷினிகாமி மாயம், உருமாற்றம் மாயம். ஆனால் ஆபரேஷன் வேண்டாம் என்ற அந்த மறுப்பு மாயமே இல்லை. நான் வேலை பார்க்கும் இடத்தில் கண்ணால் பார்ப்பது அது. 1981-ல் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஒரு ஆய்வு வந்தது. தீயணைப்பு வீரர்களும் நிறுவன நிர்வாகிகளுமாக 37 பேர், எல்லோரும் நோயில்லாதவர்கள். தொண்டைப் புற்றுநோய் வந்தால் குரல்வளையை எடுத்துவிட்டு அதிக காலம் வாழ்வீர்களா, அல்லது கதிர்வீச்சோடு நிறுத்தி, ஆயுள் குறைந்தாலும் குரலைக் காப்பாற்றிக்கொள்வீர்களா என்று அவர்களிடம் கேட்டார்கள். ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் குரலைத் தேர்ந்தெடுத்தார். இவர்கள் பாடகர்கள்கூட இல்லை. வெறும் 37 பேரை வைத்து உலகத்துக்கே பொதுவிதி சொல்ல முடியாதுதான், உடம்பு நன்றாக இருக்கும்போது சொல்லும் பதிலும் நோய் வந்தபின் சொல்லும் பதிலும் ஒன்றாக இருக்கும் என்று உத்தரவாதமும் கிடையாது. ஆனால் அந்த ஆய்வுக்குப் பிறகு, நோயாளிக்கு என்ன வேண்டும் என்று கேட்காமல் அறுப்பது சரியா என்ற கேள்வியை மருத்துவ உலகம் தள்ளிவிட முடியவில்லை. 1991-ல் அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் 332 நோயாளிகளை வைத்து நடத்திய ஆய்வு வெளிவந்தது. கீமோவும் கதிர்வீச்சும் கொடுத்தவர்களில் 64 சதவீதம் பேருக்குக் குரல்வளையை எடுக்காமலே காப்பாற்ற முடிந்தது, ஆபரேஷன் செய்தவர்களைவிட அவர்கள் சீக்கிரம் இறந்துவிடவும் இல்லை. அது பெரியவர்களின் புற்றுநோய், மிட்சுகியினுடையது வேறு. இருந்தாலும் ‘குரலா உயிரா’ என்று ஒருவரை நிற்கவைக்காமல் இரண்டையும் காப்பாற்றும் வழி தேட மருத்துவம் கற்றுக்கொண்ட கதை இது. மிட்சுகி மாதிரி ‘முடியாது’ என்று சொன்ன பலர் இல்லாவிட்டால் அந்தத் தேடல் இவ்வளவு வேகம் பிடித்திருக்காது என்று நான் நம்புகிறேன்.

என்னிடம் ஒருவர் வந்தார். ஆர்கெஸ்ட்ராவில் 30 வருடம் பாடியவர். குரல்வளையை எடுத்தாக வேண்டும் என்று மருத்துவர்கள் சொன்ன பிறகு, அதற்குப்பின் பேச என்னென்ன வழி இருக்கிறது என்று கேட்க அனுப்பியிருந்தார்கள். ஒன்றரை மணி நேரம் விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “இதுல எதுலயாவது சுருதி நிக்குமாங்க?” என்றார். நிற்காது என்று உண்மையைச் சொன்னேன். எழுந்து கும்பிட்டுவிட்டுப் போய், கதிர்வீச்சு மட்டும் எடுத்துக்கொண்டார். அவர் முடிவு சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் மிட்சுகி தலையை ஆட்டி மறுக்கும் காட்சியை இரண்டாவது முறை பார்த்தபோது அவர் கும்பிட்டது கண்முன் வந்தது, அங்கேயே நிறுத்திவிட்டேன். மறுநாள்தான் மீதியைப் பார்த்தேன்.

ஒரு இடத்தில் மட்டும் தொடரோடு எனக்குச் சண்டை உண்டு. ஆபரேஷனுக்குப் பிறகு என்ன என்பதை அது ஒரு வெற்றிடம்போல் விட்டுவிடுகிறது. குரல் போனால் எல்லாம் போச்சு என்ற எண்ணம் பிள்ளை மனதில் அப்படியே பதியும். அந்த வெற்றிடத்தில்தான் நான் தினமும் வேலை செய்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். குரல்வளையை எடுத்தபின் மூச்சு கழுத்தில் போட்ட துளை வழியாகப் போய்வரும். மூக்கு வழியாகக் காற்று போகாததால் வாசனை தெரியாது, சூடான காபியை ஊத முடியாது. பேச மூன்று வழி உண்டு. கழுத்தில் வைத்து அழுத்தினால் அதிரும் சின்னக் கருவி ஒன்று. காற்றை உணவுக்குழாய்க்குள் இழுத்து ஏப்பம்போல் வெளியே விட்டுப் பேசுவது இன்னொன்று. மூன்றாவது, மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவே பொருத்தும் சிலிக்கான் வால்வு. சிங்கர், ப்ளோம் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1980 வாக்கில் கொண்டுவந்தது. கட்டைவிரலால் கழுத்துத் துளையை மூடினால் காற்று வால்வு வழியாக உணவுக்குழாய்க்குள் போகும், அதன் சுவர் அதிர்ந்து ஒலி வரும். கனத்த, கரகரத்த ஒலி. வினாடிக்கு 200 அதிர்வில் பேசிய பெண், நூறுக்கும் கீழே இறங்கிவிடுவார்.

ஐம்பதைத் தாண்டிய ஒரு அம்மாவுக்கு அந்த வால்வு வைத்து முதல்முறை ஒலி எழுப்பச் சொன்ன நாள் நினைவிருக்கிறது. விரலை வைத்து, மூச்சை விட்டு, “ஆ” என்றார். வந்துவிட்டது. எனக்கு ஒரே சந்தோஷம். அவர் கையை எடுத்துவிட்டு என்னைப் பார்க்காமல் சிலேட்டை இழுத்து எழுதினார்: “இது யார் குரல்?” கோயில் பஜனையில் முன்வரிசையில் உட்கார்ந்து பாடியவர் அவர். அடுத்த மூன்று வாரம் பயிற்சிக்கு வரவே இல்லை. பிறகு அவரே வந்தார், பேரனுக்குப் பெயர் வைக்கப் போகிறார்கள், அந்தப் பெயரை நான்தான் அவன் காதில் சொல்லணும் என்று எழுதிக் காட்டினார். பெயரில் ஒரு ‘ஹ’ இருந்தது. குரல்வளை இல்லாதவருக்கு ‘ஹ’ மாதிரி கஷ்டமான எழுத்து இல்லை, அது பிறப்பதே அங்கேதான். 11 நாள் அந்த ஒரு எழுத்தோடு இருவரும் போராடினோம். தொண்டையின் பின்பக்கத்தை லேசாக இறுக்கி, அதற்கு நெருக்கமான ஒரு ஒலியைக் கொண்டுவந்தார். சடங்கு முடிந்த அன்று எனக்குப் போன் செய்து அந்தப் பெயரை மூன்று முறை சொன்னார். இந்தக் கதையை உங்கள் மகளுக்குச் சொல்லலாம்.

இன்னொன்று, நேரடியாக இந்தத் தொடரின் உலகத்திலிருந்தே. தொடர் வந்த காலத்தில் ஜப்பானில் ஆடிஷன் வைத்துச் சிறுமிகளைப் பாடகிகளாக்கும் மோகத்தின் உச்சியில் இருந்த குழு ‘மோர்னிங் முசுமே’. அப்போது அதன் தயாரிப்பாளர் சுன்கு, அவரும் பாடகர். அவருக்கு 2014-ல் குரல்வளைப் புற்றுநோய். ஆபரேஷனில் குரல் போனது. 2015 ஏப்ரலில், தான் படித்த கின்தாய் பல்கலைக்கழகத்தில் புது மாணவர்களை வரவேற்கும் விழாவில் மேடையேறி நின்றார். பேசவில்லை. தனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதாக இருந்த குரலைத் துறந்து உயிர் வாழும் வழியைத் தேர்ந்தெடுத்ததாக எழுத்தில் திரையில் காட்டி, அப்படித்தான் வந்திருந்த மாணவர்களுக்குச் செய்தியை வெளிப்படுத்தினார். அதன் பிறகும் பாட்டு எழுதுவதை அவர் நிறுத்தவில்லை. மிட்சுகியின் முன்னால் வைத்த அதே தராசு, நிஜத்தில் ஒருவர் மறுபக்கத் தட்டை எடுத்தார். இரண்டையும் சேர்த்துத் தெரிந்துகொண்டால் பிள்ளை மனதில் கதை சமநிலைக்கு வரும்.

அப்புறம் அந்த ஷினிகாமிகள். நம் வீட்டில் பார்த்தால் உடனே எமதூதர் என்போம். பாதி சரி. ஜப்பானியர்களின் நரக நீதிபதி ‘எம்மா’, பௌத்தம் வழியாக அங்கே போன நம் எமன்தான். ஆனால் ஷினிகாமி அந்தப் பரம்பரை இல்லை. அந்தச் சொல் ஜப்பானின் எடோ காலத்து நாடகங்களில், 18-ஆம் நூற்றாண்டில், புழக்கத்துக்கு வந்தது. 1841-ல் வந்த பேய்க்கதைப் படப் புத்தகம் ஒன்றில் அதற்கு உருவமும் வந்துவிட்டது. பிறகு 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மெய்ஜி காலத்தில், என்சோ என்ற கதைசொல்லி ஐரோப்பியக் கதை ஒன்றைத் தழுவி மேடையில் சொன்ன ஷினிகாமி கதை பிரபலமானது. கோயிலில் வைத்துக் கும்பிடும் தெய்வம் அது இல்லை, கதைகளில் வளர்ந்த உருவம். அதனால் ஒவ்வொரு கதாசிரியரும் அதை இஷ்டப்படி வளைக்கிறார்கள். தனேமுரா செய்தது குழந்தைகள் வார்டுக்கென்று தனி ஷினிகாமிகள். பிள்ளைகள் பயப்படாமல் இருக்க தகுதோவுக்குப் பூனைக் காது, மெரோகோவுக்கு முயல் காது. ஜோடிக்குப் பெயர் ‘நெகி ராமென்’, வெங்காயத்தாள் போட்ட நூடுல்ஸ்.

ஆனால் பெற்றோராக நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இந்தக் காதுகளுக்குப் பின்னால் இருக்கிறது. இந்தக் கதையில், தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டவர்கள்தான் ஷினிகாமி ஆகிறார்கள். ஆரம்பப் பகுதிகளில் இது தெரியாது, போகப்போக ஒவ்வொருவரின் பழைய வாழ்க்கையும் திறக்கும். தகுதோவும் ஒரு காலத்தில் பாடகன், அவனும் தொண்டை நோயில் குரலை இழந்தவன். மேற்கொண்டு சொன்னால் கதை கெட்டுவிடும். தொடர் இதைக் கவர்ச்சியாகக் காட்டவில்லை, விட்டுப்போனவர்களின் வலியையும் செய்தவர்களின் வருத்தத்தையும் சேர்த்தே காட்டுகிறது. இருந்தாலும் 11 வயதுப் பிள்ளை அந்தப் பகுதிகளைப் போனில் தனியாகப் பார்க்க வேண்டாம் என்பேன். கூட உட்காருங்கள். எந்தப் பிள்ளைக்கு எது தாங்கும் என்பது உங்களுக்குத்தான் தெரியும். அவள் ஏற்கெனவே மனம் சோர்ந்து, தூக்கமோ சாப்பாடோ குறைந்திருந்தால் இந்தத் தொடரை இப்போதைக்கு நிறுத்திவிட்டு, குழந்தைகள் மனநல மருத்துவரிடம் ஒருமுறை காட்டுவது நல்லது. மங்கா 7 தொகுதியாக 2004-ல்தான் முடிந்தது, அனிமே அதற்கு ஒரு வருடம் முன்பே முடிந்துவிட்டதால் இரண்டின் போக்கும் பின்பாதியில் வேறுவேறு. மங்காவும் படித்தாளானால் அதையும் நீங்கள் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அவள் தொண்டைக்கு: சளி, காய்ச்சல் எதுவும் இல்லாமல் குரல் கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நின்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். மெல்லிய குழாய் கேமராவை மூக்கு வழியாக விட்டு இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடுவார்கள். திரையில் அவளே தன் குரல் நாண்களைப் பார்க்கலாம், முத்து நிறத்தில் இரண்டு பட்டைகள். மூச்சு திணறினாலோ மூச்சு விடும்போது சத்தம் வந்தாலோ காத்திருக்கவே வேண்டாம், உடனே போங்கள். கரகரப்பே இல்லையென்றால் மருத்துவர் தேவையில்லை. தினமும் சாதகம் பண்ணும்முன் இரண்டு நிமிடம் உதட்டைப் படபடவென்று அதிரவிட்டு, கீழ் ஸ்தாயியிலிருந்து மேலே வரை ஏறி இறங்கச் சொல்லுங்கள், குழந்தைகள் வண்டி ஓட்டும்போது போடும் சத்தம் மாதிரி. அந்தப் பயிற்சியில் மேல் ஷட்ஜத்தைத் தாண்டிவிட்டது பல பிள்ளைகளுக்குத் தெரிவதே இல்லை. தாண்டிய பிறகு அவளிடம் சொல்லுங்கள்.